இரண்டு தோழிகள், ஒரு விரிசல்: பெண் நட்பு நாவல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிருக்கு உயிராகப் பழகிய இரண்டு பெண்கள் எங்கேயோ ஓரிடத்தில் கசந்துபோகிறார்கள். அந்தக் கசப்பையே மையமாக வைத்த நாவல்களை வாசிக்கிறவர்களும், அப்படி ஒன்றை எழுத முயல்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. உதாரணத்துக்குப் பெரும்பாலும் இரண்டு படைப்புகளைத்தான் எடுத்திருக்கிறேன்: அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் 1973இல் வெளியிட்ட 'சூலா', இத்தாலிய எழுத்தாளர் எலெனா ஃபெரான்டே 2011 முதல் 2014 வரை நான்கு பாகங்களாகக் கொண்டுவந்த நேப்பிள்ஸ் நாவல்கள். இரண்டின் முடிவும் கீழே வருகிறது. முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்றால் படித்துவிட்டு வாருங்கள்.

எல்லாக் கதையிலும்தான் தோழி வருகிறாளே, இதில் என்ன தனியாக?

வருகிறாள், ஆனால் யாருக்காக வருகிறாள்? சங்க அகப்பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். தோழி கூற்றாக ஏராளமான பாடல்கள் இருக்கின்றன. தலைவனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பவள் அவள், சீக்கிரம் மணந்துகொள் என்று நெருக்குபவள் அவள், செவிலியிடம் உண்மையைப் பக்குவமாக எடுத்துச் சொல்பவளும், தேவைப்பட்டால் உடன்போக்குக்கு வழி பண்ணுபவளும் அவள்தான். அந்தப் பாடல்களிலேயே அவளைப்போல விவரமான ஆள் வேறு யாரும் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் அவளுக்குப் பெயர் கிடையாது. அவள் யாரை விரும்பினாள், தலைவி கிளம்பிப் போன மறுநாள் அவளுக்கு எப்படி இருந்தது என்பதெல்லாம் பாட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் தோழி தேவந்திக்குப் பெயர் இருக்கிறது, கணவன் விட்டுப்போன சொந்தத் துயரமும் இருக்கிறது. அவள் கண்ணகியிடம் வந்து, சோமகுண்டத்திலும் சூரியகுண்டத்திலும் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவன் திரும்பக் கிடைப்பான், ஒருநாள் போய் ஆடுவோம் என்கிறாள். அது பெருமை இல்லை என்று கண்ணகி ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள். தன் வாழ்க்கையிலிருந்து எடுத்து ஒருத்தி நீட்டிய ஆறுதலை இன்னொருத்தி தட்டிவிடுகிறாள், எவ்வளவு பெரிய கணம்! ஆனால் அதே மூச்சில் கோவலன் வாசலில் வந்து நிற்கிறான், காப்பியம் அவன் பின்னால் போய்விடுகிறது. நாம் இங்கே பேசுகிற நாவல் அவன் பின்னால் போகாமல் அந்த இரண்டு பெண்களோடு அந்த அறையிலேயே தங்கிவிடுகிற நாவல்.

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப் 1929இல் இதையே வேறு பக்கத்திலிருந்து சொன்னார். கதைகளில் வரும் பெண்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்களோடு உள்ள உறவை வைத்தே காட்டப்படுகிறார்கள் என்றார். க்ளோயிக்கு ஒலிவியாவைப் பிடித்திருந்தது என்று ஒரு கற்பனை நாவலில் ஒரு வரி வருவதாக வைத்துக்கொண்டு, அந்த ஒரு வரிக்கே பிரமித்துப்போய் நின்று பேசுகிறார். எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும்.

கொலை இல்லை, கல்யாணம் இல்லை, கோர்ட் கேஸ் இல்லை. இதில் கதை எங்கே இருக்கிறது?

அதெல்லாம் இல்லாததில்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு ஒரு தேதி உண்டு, சாட்சி உண்டு, முறிந்தால் அதற்கும் ஒரு வழிமுறை உண்டு. சொந்தக்காரர்களோடு சண்டை என்றால்கூட, அடுத்த விசேஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது ஒரே கூடத்தில் உட்கார வேண்டிவரும். நட்புக்கு எதுவுமே கிடையாது. எந்த நாளில் தொடங்கியது என்று தெரியாது, எந்த நாளில் முடிந்தது என்றும் தெரியாது. இருபது வருட நட்பு போனவளிடம் யாரும் வந்து துக்கம் விசாரிப்பதில்லை, இரண்டு நாள் அலுவலகத்துக்கு லீவு போட அது ஒரு காரணமாகாது, அவளே வாய்விட்டு அழுதால்கூட "ஒரு ஃப்ரெண்டுக்காகவா இப்படி?" என்றுதான் கேட்பார்கள்.

இப்படி வெளியே அடையாளமே இல்லாத ஒரு இழப்பை எழுத நாவல்தான் சரியான இடம், ஏனென்றால் நாவலால் வருடக்கணக்கைச் சுமக்க முடியும். 'சூலா'வின் அத்தியாயங்களுக்குத் தலைப்பே வருடங்கள்தான்: 1919இல் தொடங்கி 1965இல் முடிகிறது. நடுவில் பத்து வருடம் சூலா ஊரிலேயே இல்லை. அந்தப் பத்து வருடம் நாவலில் எழுதப்படவில்லை, ஆனால் அவள் திரும்பி வந்து சிறுவயதுத் தோழி நெல்லின் வீட்டு வாசலில் நிற்கும்போது அந்த இடைவெளி முழுக்க நமக்குத் தெரிகிறது.

கடைசியில் விரிசலுக்குக் காரணம் ஒரு ஆண்தானே?

நிறைய நாவல்களில் அப்படித்தான் தோன்றும். அங்கேயே நிறுத்திவிடுகிற நாவல் சுமாரானது என்பது என் கருத்து.

'சூலா'வில் மேலோட்டமான காரணம் எல்லோருக்கும் புரிகிற காரணம். நெல்லின் கணவன் ஜூடோடு சூலா உறவு கொள்கிறாள், அவன் வீட்டை விட்டுப் போகிறான், நட்பு முடிகிறது. வேறு எழுத்தாளராக இருந்தால் இதை உச்சக்கட்டமாக வைத்திருப்பார். மாரிசன் இதற்கு அப்புறமும் வெகுதூரம் போகிறார். 1940இல் சாகக் கிடக்கிற சூலாவைப் பார்க்க நெல் வருகிறாள், ஏன் அப்படிச் செய்தாய், நான் உனக்கு நல்லவளாகத்தானே இருந்தேன் என்று கேட்கிறாள். நாம் அவ்வளவு நல்ல தோழிகள் என்றால் உன்னால் ஏன் அதைத் தாண்டி வர முடியவில்லை என்பதுதான் சூலா திருப்பிக் கேட்பதன் சாரம். நல்லவள் நீதான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்கிறாள். முதல் வாசிப்பில் அது திமிர் மாதிரித்தான் இருக்கும். கடைசிப் பக்கத்துக்கு வந்து சேரும்போது, இத்தனை வருடம் தான் ஏங்கியது ஜூடுக்காக இல்லை, சூலாவுக்காக என்று நெல்லுக்கே தெரிகிறது. கணவன் போன துக்கம் என்று பெயர் வைத்து இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக அவள் சுமந்தது தோழி போன துக்கத்தை.

எழுதுகிறவர்கள் தங்கள் கையெழுத்துப் பிரதியைச் சோதிக்க ஒரு வழி: அந்த ஆணைக் கதையிலிருந்து மொத்தமாக எடுத்துவிட்டு யோசியுங்கள். இந்த இரண்டு பேரும் அப்போதும் பிரிந்திருப்பார்களா? ஆம் என்றால் உங்களிடம் நாவல் இருக்கிறது. இல்லை என்றால் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும்.

அப்படியானால் பொறாமையா?

பொறாமை இருக்கும், ஆனால் அந்தச் சொல்லோடு நின்றால் எதுவும் விளங்காது. ஃபெரான்டே நாவல்களின் நாயகிகளான எலெனாவும் (ஆசிரியரின் பெயரேதான் இவளுக்கும்) லீலாவும் ஒரே ஏழைக் குடியிருப்பில் பிறந்தவர்கள். இருவரில் அபாரமான மூளை லீலாவுக்கு என்பதில் எலெனாவுக்குச் சந்தேகமே கிடையாது. தொடக்கப்பள்ளிக்கு அப்புறம் எலெனா மேலே படிக்கப் போகிறாள், லீலாவை வீட்டில் அனுப்பவில்லை. வாக்குவாதம் முற்றி அப்பாவே அவளை ஜன்னல் வழியே தூக்கி எறிகிறார், கை உடைகிறது. அதற்கப்புறம் அவள் நூலகப் புத்தகங்களை வைத்துத் தானாகவே லத்தீன் கற்று, பள்ளிக்கூடம் போகிற எலெனாவுக்கே சொல்லிக்கொடுக்கிறாள்.

இப்போது யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள்? எலெனாவுக்குக் கிடைத்த படிப்பு லீலாவுக்கு வேண்டும், லீலாவுக்கு இயல்பாக வரும் அறிவு எலெனாவுக்கு வேண்டும். இன்னொரு கொடுமையும் நடக்கிறது: வளர்ந்து எழுத்தாளராகி முதல் நாவலை வெளியிட்ட பிறகு, லீலா சின்ன வயதில் எழுதிய ஒரு குட்டிக் கதையை எலெனா திரும்பப் படிக்கிறாள். தன் புத்தகத்தின் உயிரே அதிலிருந்து வந்ததுதான் என்று அவளுக்குப் புரிகிறது. இவள் வாழ்வது அவளுடையதாக இருந்திருக்கக் கூடிய வாழ்க்கை. அதில் நன்றி, குற்றவுணர்வு, எரிச்சல், அவளிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசை, அவள் தோற்றால் உள்ளூர வருகிற ஒரு சின்ன நிம்மதி எல்லாம் சேர்ந்தே இருக்கிறது. விரிசல் அங்கே இருக்கிறது. இருவருக்கும் ஒரே அளவு பிரியம், ஆனால் வாய்ப்பு ஒருத்திக்கு மட்டும் என்றால் அந்தப் பிரியத்துக்குள் ஒரு கணக்கு நோட்டு தானாகவே திறந்துகொள்கிறது. இரண்டு பேரும் அதில் எழுதுகிறார்கள், ஒருத்தி எழுதியது இன்னொருத்திக்குத் தெரியாது.

கதையைச் சொல்கிறவள் இருவரில் ஒருத்தியாக இருந்தால் அவளை நம்பலாமா?

பாதி நம்பலாம். இந்த வகை நாவலில் எனக்கு அதிகம் பிடித்த விஷயமே இதுதான்.

நேப்பிள்ஸ் நாவல்கள் தொடங்குவது ஒரு தொலைபேசி அழைப்பில். லீலாவின் மகன் அழைத்து, அம்மாவைக் காணவில்லை என்கிறான். அறுபத்தாறு வயதில் தன் துணிமணி, புகைப்படம் எதையும் விட்டுவைக்காமல் அவள் மறைந்துவிட்டாள். எலெனா பதறவில்லை, அவளுக்குக் கோபம் வருகிறது. இந்தத் தடவை யார் ஜெயிக்கிறார்கள் பார்ப்போம் என்கிற வேகத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து நினைவிருக்கிற எல்லாவற்றையும் எழுத உட்காருகிறாள். யோசித்துப் பாருங்கள், தன்னை முழுக்க அழித்துக்கொள்ள நினைத்த ஒருத்தியை, அவள் விருப்பத்துக்கு நேரெதிராக, வரி வரியாகத் திரும்பக் கொண்டுவருவதுதான் அந்த மொத்த நாவலும். நாலு பாகமும் ஒரு சண்டையின் தொடர்ச்சி. அன்பா, பழிவாங்கலா என்று கேட்டால் இரண்டும்தான்.

அதனால் வாசிக்கும்போது, சொல்கிறவள் தன்னை எங்கே சுலபமாக மன்னித்துக்கொள்கிறாள் என்று கவனியுங்கள். தோழி செய்த தவறைக் காட்சியாக, வசனத்தோடு விரிவாகச் சொல்வாள். தான் செய்ததை "அப்போது என் நிலைமை அப்படி" என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிப்போவாள். அந்த ஒற்றை வாக்கியத்தில் நின்று திரும்பிப் படியுங்கள். நல்ல எழுத்தாளர் அதை வேண்டுமென்றேதான் அங்கே வைத்திருப்பார்.

மற்றவளுக்கும் அத்தியாயங்கள் கொடுத்தால் நியாயமாக இருக்காதா?

நியாயமாக இருக்கும், ஆனால் வாசகருக்கு இரண்டு பக்கமும் தெரிந்துவிட்டால், தோழியின் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தவிக்கிற அந்தத் தவிப்பு போய்விடும். இருவர் குரலில் மாறி மாறி எழுதத்தான் வேண்டுமென்றால், இரண்டு பேருக்கும் ஒரே சம்பவத்தின் நினைவு வேறு வேறாக இருக்கட்டும், எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இதெல்லாம் "பெண்ணுக்குப் பெண்தான் எதிரி" என்று சொல்கிற கதைகள்தானே?

இல்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், மன்னித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண் நண்பர்கள் கருத்து வேறுபட்டுப் பிரிந்தால் அது கொள்கைச் சண்டை, துரோகம், காவிய சோகம். இரண்டு பெண்கள் பிரிந்தால் மட்டும் அது எப்படிக் குழாயடிச் சண்டை ஆகிறது? அந்தப் பழமொழி ஒரு நட்பைப் பற்றிச் சொல்ல எதையும் மிச்சம் வைப்பதில்லை, பெண்கள் இயல்பே அப்படி என்று கதவை மூடிவிடுகிறது. நல்ல நாவல் அந்தக் கதவைத் திறந்து, இந்த இரண்டு பேருக்கு நடுவில் யார் யார் நின்றார்கள் என்று பார்க்கிறது. மகளை ஜன்னல் வழியே எறிந்த அப்பா நிற்கிறார். ஒருத்திக்கு மட்டும் கிடைத்த பள்ளிக்கூடம் நிற்கிறது. ஒரு பெண்ணைக் குடும்பப் பெண் என்றும் இன்னொருத்தியைக் கெட்டவள் என்றும் பங்கு போட்டுக் கொடுக்கிற ஊர் நிற்கிறது. சூலாவை அந்த ஊர் ஒதுக்கி வைக்கிறது, அவளுக்கு எதிராக நிற்பதிலேயே மற்றவர்கள் ஒழுக்கமாகிறார்கள், பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அவள் செத்ததும் அந்த ஒழுக்கம் கலைந்துபோகிறது என்பதையும் மாரிசன் காட்டுகிறார்.

அதோடு, இந்தப் பெண்கள் எதிரிகளே இல்லை. எதிரியை இவ்வளவு வருடம் யாரும் நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நானே எழுதப் பார்க்கிறேன். விலகலைக் காட்ட எந்த மாதிரிக் காட்சிகள் உதவும்?

பெரிய சண்டைக் காட்சியை முதலில் எழுதாதீர்கள். ஒருவேளை அது தேவையே படாது. சின்னச் சின்ன மாற்றங்களைத் தேடுங்கள். முன்பெல்லாம் முதலில் இவளுக்குத்தான் செய்தி வரும், இப்போது தோழி வேலை மாறியதே மூன்றாவது ஆள் சொல்லித்தான் தெரிகிறது, சொன்ன ஆள் "உனக்குத் தெரியாதா?" என்று வியக்கும்போது, தெரியும் என்று பொய் சொல்லிவிடுகிறாள். அந்தப் பொய் ஒரு முழு அத்தியாயத்துக்குச் சமம். அப்புறம், கேட்காமல் கொடுத்த பணம், திரும்பக் கேட்க முடியாத பணம். எப்போதும் ஒருத்தி வீட்டுக்கே இன்னொருத்தி போகிறாள் என்பது பதினைந்து வருடம் கழித்து ஒருநாள் திடீரென்று உறைப்பது. தன்னைப் பற்றிய ரகசியம் ஒன்றைத் தோழி தன் கணவனிடம் சொல்லியிருக்கிறாள் என்பது அவன் தவறிச் சொன்ன ஒரு வார்த்தையில் தெரிந்துபோவது.

இருவரும் நன்றாக இருந்த காலத்தையும் எழுதுங்கள், அதுவும் தாராளமாக. முதல் படிகளில் நான் பார்க்கிற பெரிய குறை அதுதான். பிரிவு வலிக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், ஆனால் அவர்கள் சேர்ந்து இருந்தால் என்ன செய்வார்கள், எதற்குச் சிரிப்பார்கள், யாரை எப்படிக் கேலி பேசுவார்கள் என்பது இருக்காது. போனது என்னவென்று தெரியாமல் வாசகர் எப்படி வருத்தப்படுவார்? இருவருக்கு மட்டும் புரிகிற ஒரு கிண்டல் வார்த்தை, ஒரு பட்டப்பெயர் கொடுங்கள். நூறு பக்கம் கழித்து ஒருத்தி அதைச் சொல்ல, இன்னொருத்தி சிரிக்காமல் இருந்தால் போதும்.

உரையாடலில் என்ன கவனிக்க வேண்டும்?

மனஸ்தாபம் வந்தவர்கள் மனஸ்தாபத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பிள்ளை படிப்பு, அம்மாவின் மூட்டுவலி, புது ஃபோன் என்று பேசுவார்கள். "டீ" போட்டுப் பேசியவள் ஒருநாள் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதுவே பெரிய சேதி.

கடைசியில் அவர்கள் சேர வேண்டுமா?

வாசகருக்கு ஆசை இருக்கும், எழுதுகிறவருக்கும் இருக்கும். ஆனால் கட்டிப்பிடித்து அழுது எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால், அதுவரை எழுதிய முந்நூறு பக்கம் ஒரு தவறான புரிதல் என்று ஆகிவிடும். அது தவறான புரிதல் இல்லையே, இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள், அதனால்தான் இவ்வளவு ஆழமாகக் காயப்படுத்த முடிந்தது.

நெல்லுக்குப் புரியும்போது சூலா செத்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. ஃபெரான்டேயில், சிறுவயதில் தொலைந்துபோன இரண்டு பொம்மைகள் அறுபது வருடம் கழித்துப் பார்சலில் எலெனாவுக்கு வருகின்றன. லீலா வரவில்லை. பொம்மைகள் இத்தனை நாள் லீலாவிடமே இருந்தனவா, அப்படியென்றால் அந்த நட்பின் முதல் நாளே ஒரு ஏமாற்றா, அல்லது இது ஒரு விடைபெறலா? ஃபெரான்டே பதில் சொல்லவில்லை. சேராமலேயே ஒரு தொடர்பு மிச்சமிருப்பதைக் காட்ட முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் சொந்தத் தோழியைப் பற்றி நாவல் எழுதலாமா?

சட்டம், அவதூறு என்கிற கேள்விக்கு ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். மற்ற கேள்விக்கு என் பதில்: எழுதலாம், ஆனால் அதற்கான விலை என்ன என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். தன்னைப் பற்றி எழுதக் கூடாது என்று லீலா சொல்லியிருந்தும் எலெனா ஒரு சின்ன நாவல் எழுதி வெளியிடுகிறாள். புத்தகம் நன்றாகப் போகிறது, அதோடு லீலா பேச்சை நிறுத்திவிடுகிறாள். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், தோழி தன் வாக்கியங்களை வைத்தே தன்னைக் கண்டுபிடித்துவிடுவாள். எனவே முதல் பிரதியை யாருக்கும் காட்டாமல் எழுதி முடியுங்கள், கோபம் எல்லாம் அதில் இறங்கட்டும். இரண்டாவது பிரதியில் அந்தப் பாத்திரத்துக்கு நீங்கள் அறியாத ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்துக் கொடுங்கள். அதைச் செய்ய முடிந்தால் அவள் உங்கள் தோழியாக இருப்பதை விட்டு ஒரு பாத்திரமாகிவிடுவாள். முடியாவிட்டால் அதை டைரியாகவே வைத்துக்கொள்ளலாம்.

படிக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறேன். அது தப்பா?

தப்பே இல்லை. ஆனால் ஐந்து வருடம் விட்டுத் திரும்பப் படியுங்கள். நெல்லின் பக்கம் நின்ற எத்தனையோ பேர் மறுவாசிப்பில் சூலாவின் பக்கம் வந்து நிற்பதுண்டு.

எதிலிருந்து தொடங்கலாம்?

நேரம் குறைவு என்றால் 'சூலா'. 200 பக்கத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் வேகமாகப் படிக்காதீர்கள், முதல் சில பக்கங்களில் சூலாவும் நெல்லும் வரவே மாட்டார்கள், பொறுங்கள். இரண்டு பேரோடும் வருடக்கணக்கில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்றால் நேப்பிள்ஸ் நாவல்கள், நாலு பாகமும் சேர்த்து 1500 பக்கத்துக்கு மேல். முதல் பாகத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம், அது ஒரு கல்யாண விருந்தின் நடுவில் நிற்கும், இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள். இன்னொன்று, அதில் வரும் குடும்பங்களின் பெயர்கள் முதலில் குழப்பும். முன்பக்கத்தில் பாத்திரப் பட்டியல் இருக்கிறது, அங்கே ஒரு விரலை வைத்துக்கொண்டே முதல் ஐம்பது பக்கத்தைப் படித்துவிட்டால் அப்புறம் அது தேவைப்படாது.